பின் சஸ்பென்ஷன் புஷ்: எல்லா இடத்துக்கும் பாலியூரிதேன் வேண்டாம்

தினமும் ஓட்டும் காரை மாடிஃபை செய்யும்போது, பின்பக்கக் கண்ட்ரோல் ஆர்ம்களுக்கு (சக்கரத்தைக் காரின் பாடியோடு இணைக்கும் கைகள்) பாலியூரிதேன் என்னும் கெட்டியான செயற்கைப் பொருளில் செய்த புஷ் (ஆர்மின் மூட்டில் இருக்கும் உருளை) போடுங்கள். சக்கரத்திலிருந்து முன்னோக்கிப் போய் பாடியோடு சேரும் டிரெயிலிங் ஆர்முக்கு மட்டும் கெட்டியான ரப்பரையே வையுங்கள். 1992–2000 ஹோண்டா சிவிக்கில் அந்தப் பெரிய புஷ் சுழல்வதோடு பக்கவாட்டிலும் முறுகியாக வேண்டும். ரப்பர் வளைந்து கொடுக்கும். பாலியூரிதேன் இறுகிப் பிடித்துக்கொள்ளும், சக்கரம் தாராளமாக ஏறி இறங்காது.

அப்புறம், ரப்பர் புஷ் போல்ட்டை சக்கரத்தில் காரின் எடை இறங்கிய பிறகே முழுதாக முறுக்குங்கள். ஆர்ம் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகியபடியே இருந்து, நடு இரும்புக் குழாயை ஒட்டிச் சீக்கிரம் கிழியும்.

ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடும் காருக்கு இந்தப் புஷ் தேர்வு பொருந்தாது. அதற்கு ஸ்பெரிகல் பேரிங் (எல்லாப் பக்கமும் திரும்பும் உலோகக் குண்டு மூட்டு) போடலாம், ஆனால் சத்தமும் அதிர்வும் கூடும்.