வயலாவுக்கு வில் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"என் வயலா பதினைந்தரை இன்ச். அதற்கு எந்த சைஸ் வில்?" வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த ஒலி தரும் வயலாவை வாங்கியவர்கள் அடுத்துக் கேட்பது இதைத்தான். பெரியவர்கள் வாசிக்கும் வயலாவின் உடல் 15 இன்ச்சும் இருக்கும், 17 இன்ச்சும் இருக்கும். வில் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், ஏறக்குறைய 74 செ.மீ. அதனால் அளக்க வேண்டியது வயலாவை அல்ல, உங்கள் கையை.

வயலாவைத் தோளில் வைத்து, வில்லை நுனிவரை இழுத்துப் பாருங்கள். முழங்கை முழுதாக நீண்ட பிறகும் வில் மிச்சம் இருந்தாலோ, கடைசியில் கோணிக்கொண்டு போனாலோ அது உங்களுக்கு நீளம். வயலா பெரிதானால் குதிரை (தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு பலகை) முகவாயிலிருந்து இன்னும் தள்ளிப் போகும், கையும் அவ்வளவு எட்ட வேண்டும். ஆகவே கடையில் இருக்கும் வயலாவில் அல்ல, உங்களுடையதிலேயே சோதியுங்கள்.

பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. 14 இன்ச் வயலாவின் உடல் முழு அளவு வயலினுடையது. 13 இன்ச் என்றால் முக்கால் வயலின். அந்தக் கைக்கு முக்கால் வில்லே போதுமானதாக இருக்கலாம்.

நான் அதிகம் பார்க்கும் தவறு, வீட்டில் இருக்கும் வயலின் வில்லையே வைத்துச் சமாளிப்பது. வயலின் வில் சுமார் 60 கிராம், வயலா வில் சுமார் 70. பத்து கிராம்தானே என்று தோன்றும். இருப்பதிலேயே தடித்த சி தந்தியில் இரண்டையும் அடுத்தடுத்து மெதுவாகப் போட்டுப் பாருங்கள். வயலின் வில்லில் முதலில் ஒரு 'கர்ர்', அதற்குப் பிறகுதான் ஸ்வரம். தடித்த தந்தியை அசைக்க அதற்கு எடை போதாது. போதாததை விரல் அழுத்தி ஈடுகட்டும். வயலினிலிருந்து மாறி வந்த என் மாணவி ஒருத்தி மூன்று மாதம் கட்டைவிரல் வலியோடு வாசித்தாள். வில்லை மாற்றியதும் அழுத்துவதை அவளே விட்டுவிட்டாள்.

வயலா வில்லை அடையாளம் காண்பது எளிது: பிடிக்கும் இடத்தில் உள்ள கட்டையின் கீழ்மூலை பெரும்பாலும் வளைவாக இருக்கும், வயலின் வில்லில் கூராக.

சரி, கனமாக வாங்கினால் தீர்ந்ததா? இல்லை. கனம் கூடினால் மெல்லிய ஏ தந்தி மந்தமாகும், சுண்டுவிரல் சீக்கிரம் களைக்கும். கிராமைவிட அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது முக்கியம். ஒரே எடையுள்ள இரண்டு வில்களில் ஒன்று நுனிப்பக்கம் கனத்து, கையில் இரும்புக்கம்பி மாதிரி இருக்கும்.

அப்புறம் திருகு, அதாவது வில்லின் அடியில் முடியை இறுக்கும் திருகாணி. ஈரக் காற்றில் குதிரைவால் முடி நீளும். வறண்ட ஊரில் முடி கட்டிய வில் சென்னை மழைக்காலத்தில் தொளதொளவென்று ஆகிவிடலாம். வாங்கும்போதே திருகி, முடி இறுகிய பிறகும் திருகில் சில சுற்று பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள்.