சிறு தொட்டியில் அபூர்வ மீன்கள்: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கப்பி, மோலி, ஃபைட்டர் என்று ஆரம்பித்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் வேறு ஏதாவது வளர்க்கலாமே என்று தோன்றும். கடையில் ஒரு மூலைத் தொட்டியில் பட்டாணி பஃபர் கண்ணை உருட்டிக்கொண்டு நம்மையே பார்க்கும். 2.5 செ.மீ. மீன்தானே, வீட்டில் இருக்கிற 20 லிட்டர் தொட்டி போதாதா என்று வாங்கிவிடுவோம். இடம் போதும்தான். ஆனால் அது என்ன தின்னும், எந்தத் தண்ணீரில் பிறந்தது, யாரோடு ஒத்துப்போகும் என்று கேட்காமல் அளவை மட்டும் பார்த்து வாங்குகிறோமே, நான் பார்த்தவரை அபூர்வ மீன்கள் அதிகம் சாவது இதனால்தான்.

பட்டாணி பஃபரையே எடுத்துக்கொள்வோம். கேரளத்திலும் தென் கர்நாடகத்திலும் உள்ள ஆறுகளில் மட்டுமே இயற்கையாக வாழும் நன்னீர் மீன் இது. காய்ந்த தீவனத்தைப் பெரும்பாலும் சீண்டாது. குருணையைப் போட்டால் கிட்டே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். மறுநாள் காலையில் அந்தக் குருணை மணலில் வெள்ளைப் பூஞ்சை பிடித்துக் கிடக்கும். 'புது இடம், பழகிவிடும்' என்று காத்திருந்தால் மீனின் வயிறு உள்வாங்கி, தலை மட்டும் பெரிதாகத் தெரிய ஆரம்பிக்கும். அந்த நிலைக்குப் போனபின் தேற்றுவது கடினம்.

அதே மீனுக்கு ஒரு சிறு நத்தையைப் போட்டுப் பாருங்கள். துடுப்பை மட்டும் ஆட்டியபடி ஓரிடத்தில் நிற்கும். இரண்டு கண்ணும் தனித்தனியாகத் திரும்பும். நத்தை ஓட்டிலிருந்து தலையை நீட்டும் வரை பொறுமையாக இருந்து, நீட்டியதும் ஒரே கொத்து. பஃபர்களுக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், ஓட்டைக் கடிப்பது அதைத் தேய்க்கவும் உதவும். அதனால் மீனை வாங்குவதற்கு முன்னாலேயே வேறொரு பாத்திரத்தில் நத்தையும் டாஃப்னியா எனும் நுண்ணிய நீர்ப்பூச்சியும் பெருக ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். உறைந்த ரத்தப்புழுவும் கைவசம் இருக்கட்டும். அப்புறம், பஃபரைக் கப்பியோடு விடாதீர்கள். வால் துடுப்பு இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அதற்குத் தனித் தொட்டிதான் சரி, செடி நெருக்கமாக இருக்க வேண்டும்.

ஸ்கார்லெட் பேடிஸுக்கும் இதே உணவுச் சிக்கல் உண்டு. பிரம்மபுத்திரா பகுதி ஓடைகளில் வாழும், 2 செ.மீ.க்குள் அடங்கும் செக்கச்செவேல் மீன். சிவப்பாக இருப்பது ஆண் மட்டும்தான். பெண் மங்கலாக இருப்பதால் கடைக்கு அதிகம் வருவதில்லை. அழகாக இருக்கிறதே என்று ஐந்து ஆண்களை ஒரு சின்னத் தொட்டியில் விட்டால் வலுத்த ஒன்று மற்றவற்றைத் துரத்தித் துரத்தியே பட்டினி போட்டுவிடும்.

அடுத்தது தண்ணீர். சில்லி ரஸ்போரா போர்னியோவின் சதுப்புக் காடுகளில், இலை ஊறித் தேநீர் நிறமான அமிலத் தண்ணீரில் வாழ்வது. மல்ட்டி எனப்படும், காலி நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும் சங்கு சிக்லிட் ஆப்பிரிக்காவின் டாங்கன்யிக்கா ஏரியில் வாழ்வது. அங்கே தண்ணீர் கடினமானது, அதாவது தாது உப்பு நிறைந்தது; அமில, கார அளவைச் சொல்லும் பி.எச். 9-ஐ ஒட்டி இருக்கும். இரண்டுமே 50 லிட்டர் தொட்டிக்கு ஏற்ற மீன்கள், ஆனால் ஒரே தொட்டிக்கு ஏற்றவை அல்ல. பச்சைப் புள்ளி பஃபரைப் பட்டாணி பஃபர் என்று நினைத்து வாங்குபவர்களும் உண்டு. அது 15 செ.மீ. வரை வளரும். வளர்ந்தபின் கழிமுகத் தண்ணீர் போல உப்புக் கலந்த நீர் வேண்டும்.

இங்கே பலர் பாட்டில் மருந்து ஊற்றி பி.எச்.சை ஏற்றி இறக்கப் பார்ப்பார்கள். வேண்டாம். சின்னத் தொட்டியில் அந்த ஏற்ற இறக்கமே மீனைக் கொன்றுவிடும். உங்கள் வீட்டுத் தண்ணீரை முதலில் சோதித்து, அதற்குத் தக்க மீனைத் தேர்ந்தெடுங்கள். கடினத் தண்ணீர்தான் வருகிறது என்றால் வருத்தப்படாதீர்கள். அடியில் 5 செ.மீ. மணலும் மீன்களின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக நத்தை ஓடுகளும் போட்டு மல்ட்டி வளர்க்கலாம். வாய் வாயாக மணலை அள்ளித் துப்பி ஓட்டைத் தனக்குப் பிடித்த மாதிரி புதைத்துக்கொள்ளும். நாம் அழகாக அடுக்கியதை அது கலைக்கும், விட்டுவிடுங்கள்.

தொட்டியும் மீனும் ஒரே நாளில் வாங்குவது பழைய தவறு. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும் வரை பொறுங்கள். ஓட்டோசிங்க்ளஸ் என்ற குட்டிப் பாசி தின்னிக்கு அதுவும் போதாது. கண்ணாடியிலும் இலையிலும் படியும் மெல்லிய பாசிப் படலம்தான் அதன் சாப்பாடு. பளபளவென்று துடைத்த புதுத் தொட்டியில் அது பட்டினியால் செத்துப்போகும். தொட்டி சில மாதம் ஓடியபின் வாங்குங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். குழாய்த் தண்ணீரில் குளோரின் என்றால் ஒருநாள் பிடித்துவைத்தால் போய்விடும். சில இடங்களில் குளோரினுக்குப் பதில் கலக்கும் குளோரமைன் அப்படிப் போகாது, அதை முறிக்கும் வாட்டர் கண்டிஷனர் தேவை.

'தொட்டிக்குத் தக்கபடிதான் மீன் வளரும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விரல் நீளத்தில் விற்கும் ஃபயர் ஈல் ஒரு மீட்டர் வரை வளரும், ரெட் டெயில் கேட்ஃபிஷ் அதையும் தாண்டும். சின்னத் தொட்டியில் வளராமல் நிற்கிறது என்றால் அது நலிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். சமாளிக்க முடியாமல் குளத்திலோ ஆற்றிலோ விடுவது அதைவிடப் பெரிய தவறு. தொட்டி சுத்தம் செய்ய வாங்கிய பிளெக்கோ பல நாட்டு ஆறுகளில் பெருகிக் கிடப்பது இப்படித்தான்.

பளிச்சென்ற பச்சை, ரோஸ் கோடு போட்ட கண்ணாடி மீனையும் வாங்காதீர்கள். அந்த நிறம் உயிருள்ள உடம்பில் ஊசியால் ஏற்றிய சாயம்.

கில்லி மீன்கள் துள்ளும். ஃபில்டர் குழாய் நுழைய விட்ட சிறு சந்து போதும், காலையில் தரையில் காய்ந்து கிடக்கும். மூடியைச் சந்தில்லாமல் போடுங்கள். ஆனால் தண்ணீர் மூடியைத் தொடும் அளவு நிரப்ப வேண்டாம், கௌராமி வகைகள் மேலே வந்து காற்றைச் சுவாசிப்பவை. 4 செ.மீ. அளவே உள்ள ஸ்பார்க்ளிங் கௌராமி வைத்திருப்பவர்கள் ஃபில்டர் வேகத்தையும் குறைக்க வேண்டும். ஓட்டம் பலமாக இருந்தால் அது ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டே காலத்தைக் கழிக்கும். தண்ணீர் அமைதியாகி, செடிகளுக்கிடையே தனக்கென ஓர் இடம் பிடித்துவிட்டால், இரவில் விளக்கை அணைத்தபின் தொட்டியிலிருந்து 'கிர்ர், கிர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும். முன்துடுப்பின் தசைநாரை மீட்டி அந்த மீன் எழுப்பும் குரல் அது.