கொடைக்கானல் வியூ பாயின்ட்டுகள்: பலரும் செய்யும் தவறுகள்

கொடைக்கானல் போய் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "தூண் பாறைக்குப் போனோம், ஒரே வெள்ளையா இருந்துச்சு, ஒண்ணும் தெரியல" என்று பாதிப்பேராவது சொல்வார்கள். பாறை எங்கும் போய்விடவில்லை, போன நேரம்தான் சரியில்லை.

கொடை ஊர் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில். அதன் தெற்கு விளிம்பு பெரியகுளம் சமவெளியை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. கோக்கர்ஸ் வாக், பசுமைப் பள்ளத்தாக்கு, தூண் பாறை, டால்பின் நோஸ் எல்லாமே இந்த விளிம்பை ஒட்டித்தான் இருக்கின்றன. காலையில் வெயில் ஏற ஏற அடிவாரக் காற்று சூடாகி, மலைச்சரிவைப் பிடித்துக்கொண்டு மேலே வரும். வரும் வழியில் குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் மேகமாகிவிடும். நண்பகலுக்குப் பிறகு கம்பி வேலிக்கு அப்பால் பஞ்சு மூட்டை மாதிரி நிற்பது அந்த மேகம்தான். ஆக, இட்லி பொங்கலெல்லாம் சாப்பிட்டு, குளித்து, பத்தரை மணிக்கு அறையை விட்டுக் கிளம்பி, முதலில் ஏரியில் படகு, அப்புறம் பிரையன்ட் பூங்கா, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூண் பாறை என்று வரிசை போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

வரிசையைத் தலைகீழாக்கினால் போதும். காலையில் முதல் வேலையாகக் கோக்கர்ஸ் வாக். 1872-இல் மலைச்சரிவை ஒட்டிப் போட்ட, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடைபாதை அது. அடுத்து, திறக்கும் நேரத்துக்கே தூண் பாறையும் பசுமைப் பள்ளத்தாக்கும். வானம் தெளிவாக இருந்தால் பள்ளத்தாக்கு முனையிலிருந்து வைகை அணை வரை தெரியும். ஏரி, பூங்கா, பைன் காடு மூன்றையும் மதியத்துக்குத் தள்ளிவிடலாம். மூடுபனி வந்தால் பைன் காடு கெடாது, இன்னும் நன்றாகவே இருக்கும். (அது இயற்கைக் காடு அல்ல, 1906-இல் தொடங்கி நட்டு வளர்த்தது. நிஜமான சோலைக்காட்டைப் பார்க்க வேண்டுமானால் வட்டக்கானல் பக்கம் போக வேண்டும்.)

மூடுபனியைப் பார்த்ததும் காரைத் திருப்புவதும் தவறுதான். மலை மேகம் நிலையாக நிற்பதில்லை. இருபது நிமிடம் பொறுத்தால் திரை விலகி மூன்று தூண்களும் தெரிந்துவிட்டு, மறுபடி மூடிக்கொள்ளும். கோக்கர்ஸ் வாக்கில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. முதுகுப் பக்கம் வெயில், எதிரே மேகம் என்று அமைந்தால் உங்கள் நிழலே மேகத்தின் மேல் பெரிதாக விழும், அதைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். அபூர்வம்தான். ஆனால் தெளிவான நாளில் வந்தவர்களுக்கு இது கிடைக்காது.

காலம் தேர்ந்தெடுப்பதிலும் குழப்பம் இருக்கிறது. ஏப்ரல், மே மாதத்தில் குளுகுளுவென்று இருக்கும், ஆனால் கூட்டமும் பிற்பகல் மழையும் சேர்ந்தே வரும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும், காட்சி குறைவு, அருவிகள் நிறைவு. தொலைதூரக் காட்சிதான் வேண்டும் என்றால் நான் ஜனவரி, பிப்ரவரியைச் சொல்வேன், ஸ்வெட்டரோடு. குறிஞ்சிப்பூ பார்க்கலாம் என்று ஆண்டுதோறும் கிளம்பி வருகிறவர்களும் உண்டு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி இங்கே 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. இடையில் காட்டுவது பெரும்பாலும் குறிஞ்சியின் வேறு வகைகள்.

இனி ஆபத்தான விஷயம். தூண் பாறைகள் ஏறத்தாழ 122 மீட்டர் உயரம். அவற்றுக்கு நடுவிலுள்ள பிளவுகள்தான் குணா குகை. 2006-இல் கேரளத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் அதற்குள் விழுந்தார், நண்பர் ஒருவர் கயிறு கட்டி இறங்கி அவரை மீட்டார். அந்தக் கதை 2024-இல் மலையாளப் படமாக வந்த பிறகு அங்கே கூட்டம் பெருகிவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதோடு சரி. இலைச் சருகும் பாசியும் மூடிக் கிடக்கும் இடத்தில் தரை எங்கே முடிகிறது, பிளவு எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. படம் எடுக்க வேலி தாண்டுகிறவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

டால்பின் நோஸில் ஆபத்து வேறு மாதிரி. வட்டக்கானலில் வண்டியை நிறுத்திவிட்டு, மரவேர்கள் படிக்கட்டு மாதிரி புடைத்து நிற்கும் பாதையில் இறங்க வேண்டும். இறங்குவது சுலபம். திரும்பி ஏறும்போதுதான் மூச்சு வாங்கும், மழை பெய்திருந்தால் வேர்கள் வழுக்கும். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போடுங்கள். முழங்கால் வலியுள்ள அப்பா அம்மாவை "கொஞ்ச தூரம்தான், வாங்க" என்று இழுத்துப் போகாதீர்கள். வட்டக்கானல் டீக்கடையில் உட்காரவைத்துவிட்டுப் போய் வரலாம். பள்ளத்தாக்கின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனையில் ஒருவர் நிற்கும்போது இன்னொருவர் தோளில் கைபோட்டுப் படம் எடுப்பதைப் பார்த்தால் நமக்கே அடிவயிறு கலங்குகிறது.

காட்டுக்குள் நுழைய அனுமதி தேவை என்பதைப் பலரும் ஒரு சம்பிரதாயமாக நினைக்கிறார்கள். பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறையின் அனுமதி வேண்டும், நாளுக்கு இத்தனை வண்டி என்ற கணக்கும் உண்டு. யானை நடமாட்டம் இருந்தால் பாதையை மூடிவிடுவார்கள். பேரிஜத்தை மட்டும் நம்பிப் பயணத் திட்டம் போட வேண்டாம். "உள்ளூர்ப் பையன் ஒருத்தன் குறுக்கு வழி தெரியும்னான்" என்று அனுமதியில்லாத பாதையில் இறங்குவது அதைவிட மோசம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையேற்றத்துக்கான விதிகள் அதன் பிறகுதான் இறுகின. கோடையில் பாதை மூடியிருந்தால், தீப்பிடிக்கும் காலம் என்று அர்த்தம். நடக்கத்தான் ஆசை என்றால், 2024-இல் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் வழிகாட்டியோடு பதிவு செய்துகொள்ளலாம்.

அருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. வெள்ளி நீர்வீழ்ச்சியில் விழுவது கொடை ஏரியிலிருந்து வழிந்து வரும் தண்ணீர், குளிக்கும் இடமல்ல. 297 மீட்டர் உயரமுள்ள தலையாறு அருவியை, எலிவால் அருவி என்றும் சொல்வார்கள், பக்கத்தில் போய்ப் பார்க்க முயல வேண்டாம். வத்தலகுண்டு சாலையில் டம் டம் பாறை அருகே நின்று பார்ப்பதுதான் அழகு. பழனி வழியாக ஏறி அதே வழியாக இறங்குகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

காட்டுமாடு ஊருக்குள்ளேயே வரும். சாதுவாக மேய்வதைப் பார்த்து, அருகில் போய் செல்ஃபி எடுக்கத் தோன்றும். கூட்டத்தை விட்டுத் தனியாகத் திரியும் ஆண் மாட்டிடம் கூடுதல் கவனம் தேவை. அது விலகிப் போக வழி விட்டு, ஃபிளாஷ் அடிக்காமல், நீங்கள் பின்வாங்குங்கள். குரங்குக்குச் சிப்ஸ் கொடுத்துப் பழக்கினால் அடுத்து வரும் குழந்தையின் கையிலிருப்பதை அது பிடுங்கும்.

வெளியூர் வண்டிக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். எனவே கிளம்பும் அன்று காலையில் பதிவு செய்யலாம் என்று இருக்காதீர்கள். அரசுப் பேருந்தில் போனால் இந்தத் தொல்லை இல்லை. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை உண்டு, வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

இறங்கும்போது பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. பிரேக் மட்டுமே வண்டியைத் தாங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் நம் கண்ணிலேயே திருப்பி அடிக்கும், லோ பீம்தான் சரி. வளைவில் வாந்தி எடுக்கும் குழந்தை கூட இருந்தால் முன் சீட்டில் பெரியவர் மடியில் உட்காரவைக்காமல், பின்னால் ஜன்னலோரம் பெல்ட் போட்டு உட்காரவைத்து, வயிறு நிறையச் சாப்பிடக் கொடுக்காமல் கிளம்புங்கள்.