ஸ்டாஃபி குட்டி வாங்கப் போறீங்களா, இதைப் படிச்சிட்டுப் போங்க

ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியர்ங்கற நாய் இனம், சுருக்கமா ஸ்டாஃபி. மூஞ்சியப் பாத்தா ரவுடி, பழகிட்டா மடிய விட்டு இறங்காது. இங்கிலாந்துல காளையக் கட்டிப்போட்டு நாயை ஏவி விடுற கூத்தை 1835ல சட்டம் போட்டு நிறுத்தினாங்க, ஆனா நாய்ச்சண்டை மட்டும் திருட்டுத்தனமா நடந்துட்டே இருந்துச்சு, அதுக்காக புல்டாகையும் டெரியரையும் கலந்து எடுத்த ப்ரீட்தான் இதோட முன்னோர். சண்டைக்கு நடுவுல கைய விட்டு நாயைப் பிரிக்கிறவனையே அது கடிச்சா என்னாகும், அதனால ஆளக் கடிக்காத நாயாப் பாத்துதான் வச்சுக்கிட்டாங்கன்னு சொல்வாங்க. 1935ல கென்னல் கிளப் (அங்க நாய் இனங்களப் பதிவு பண்ற அமைப்பு) அங்கீகாரம் கெடச்சப்புறம் ஷோ, வீடுன்னு இதோட ரூட்டே மாறிடுச்சு.

ஸோ மனுஷங்ககிட்ட பாசம் பெரும்பாலும் தானா வரும், மத்த நாய்ங்க விஷயத்துலதான் நீங்க மெனக்கெடணும்.

மொதல்ல குட்டியோட அம்மாவப் பாருங்க. புது ஆளப் பாத்ததும் ஒதுங்குது, உறுமுதுன்னா குட்டி எவ்ளோ அழகா இருந்தாலும் வேணாம். எல்-2-ஹெச்ஜிஏ (மூளையப் பாதிக்கிற ஒரு பரம்பரை நோய்), பரம்பரைக் கண்புரை ரெண்டுக்கும் டிஎன்ஏ டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்க. 8 வாரத்துக்கு முன்னாடி தாயப் பிரிச்சுக் கூட்டிட்டு வராதீங்க.

வந்ததுல இருந்து 14 வார வயசு வரைக்கும் உள்ள டைம் தங்கம். தடுப்பூசி முடியலன்னா தூக்கிட்டுப் போய் வண்டிச் சத்தம், குடை, ஹெல்மெட் போட்ட ஆளுன்னு எல்லாம் காட்டுங்க, ஊசி போட்ட சாதுவான பெரிய நாயோட பழக விடுங்க. வெளையாட்டுல அழுத்திக் கடிச்சா கையை வெடுக்குனு இழுக்காதீங்க, அதுக்கு அது இன்னும் ஜாலி ஆயிடும், பேசாம எந்திரிச்சுப் போயிடுங்க. அடி மட்டும் வேணவே வேணாம்.

ஒண்ணு ரெண்டு வயசுல, அதுவரைக்கும் எல்லா நாயோடயும் ஆடுனது திடீர்னு முறைக்க ஆரம்பிக்கலாம். வாய மூடிக்கிட்டு, உடம்பு விறைச்சு, கண்ணு எதிர்ல உள்ள நாய் மேலயே குத்தி நிக்கும் பாருங்க, அதுக்கப்புறம் கூப்பிட்டா காதுல விழாது, அதனால அதுக்கு முன்னாடியே ஹார்னஸப் (உடம்புல மாட்டுற பட்டை) புடிச்சு வளைஞ்சு வேற பக்கம் நடந்து, உங்களத் திரும்பிப் பாத்த உடனே ட்ரீட் குடுங்க. டாக் பார்க்ல அவுத்து விடுற ரிஸ்க் வேணாம்.

குழந்தைங்கன்னா உயிரு, அதுக்காக சின்னப் புள்ளையத் தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க, எந்த நாயா இருந்தாலும் இதேதான்.

பொம்மை கெட்டி ரப்பர்ல வாங்குங்க, துணி பொம்மையெல்லாம் அந்தத் தாடைக்கு நிமிஷ நேர வேலை.