கேசினோ பரிசுக் கடிதத்தின் பொடி எழுத்தை வாசிப்பது எப்படி?

லாஸ் வேகஸுக்கு ஒருமுறை போய் அங்கே ஒரு கேசினோவில் (சூதாட்ட விடுதியில்) உறுப்பினர் அட்டை வாங்கிவிட்டால், அதற்கப்புறம் வீட்டுக்குக் கடிதம் வந்துகொண்டே இருக்கும். பளபளப்பான தாள், பெரிய எழுத்தில் ‘இலவசம்’, கீழே எறும்பு ஊர்ந்தது போல நாலைந்து வரி. விஷயம் முழுக்க அந்த நாலைந்து வரியில்தான் இருக்கிறது. அதைப் படிக்காமலேயே விமான டிக்கெட் போட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. உட்கார்ந்து படித்தால் பத்து நிமிட வேலை. சதவீதக் கணக்கு தெரிந்தால் போதும்.

பழகிப் பார்க்க ஒரு மாதிரி வேண்டுமே. வழக்கமாக வரும் வாசகங்களை வைத்து நானே எழுதியது இது (ஃப்ரீ ப்ளே என்பது மெஷினில் மட்டும் ஓட்டக்கூடிய பணம், கியாஸ்க் என்பது அட்டையைப் பதிவு செய்யும் மெஷின்):

“செவ்வாய்தோறும் 10 மடங்கு புள்ளிகள்! கூடவே 50 டாலர் ஃப்ரீ ப்ளே!*”

“*அன்றன்று கியாஸ்க்கில் அட்டையைத் தேய்த்துப் பதிவு செய்ய வேண்டும். ஃப்ரீ ப்ளே பெற, அன்றைய தினம் 250 அடிப்படைப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். கூடுதல் புள்ளிகள் நாளொன்றுக்கு 5,000 வரை மட்டுமே. அவை படிநிலைக் கணக்கில் சேராது. வீடியோ போக்கர், மேசை ஆட்டங்கள் நீங்கலாக. ஃப்ரீ ப்ளேயைப் பணமாக மாற்ற இயலாது. அன்றிரவுக்குள் பயன்படுத்த வேண்டும். முன்னறிவிப்பின்றி மாற்றவோ ரத்து செய்யவோ நிர்வாகத்துக்கு உரிமை உண்டு.”

படி 1: நட்சத்திரக் குறியிலிருந்து படியுங்கள்

பெரிய எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு கீழிருந்து ஆரம்பியுங்கள். நீங்கள் செய்ய வேண்டியவை, உச்சவரம்பு, கெடு, ‘நீங்கலாக’ என்று வரும் இடம், இந்த நான்கையும் பேனாவால் வட்டமிடுங்கள். மேலே உள்ள மாதிரியில் செய்ய வேண்டியவை இரண்டு: பதிவு செய்வது, 250 புள்ளி சேர்ப்பது. முதலாவதை மறந்தால் அன்று எவ்வளவு ஆடினாலும் ஒரு மடங்குதான். வீடியோ போக்கர், அதாவது மெஷினில் ஆடும் சீட்டாட்டம், ஆடுகிறவருக்கு இந்தக் கடிதமே கிடையாது. அவர் இதோடு மடித்து வைத்துவிடலாம்.

படி 2: புள்ளி எதற்குத் தருகிறார்கள் என்று பாருங்கள்

புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். நீங்கள் தோற்ற பணத்துக்குப் புள்ளி இல்லை, கொண்டுபோன பணத்துக்கும் இல்லை. மெஷின் வழியாக மொத்தம் எவ்வளவு பந்தயம் ஓடியதோ அதற்குத்தான் புள்ளி. அங்கே அதை ‘காயின்-இன்’ என்பார்கள்.

ஸ்லாட் மெஷினில் (பொத்தானை அழுத்திப் படங்களைச் சுழலவிடும் சூதாட்ட மெஷின்) 20 டாலர் நோட்டைப் போடுகிறீர்கள், ஒரு சுற்றுக்கு ஒரு டாலர். 20 சுற்று முடிந்தபோது சில சுற்றில் ஜெயித்து, சிலவற்றில் தோற்று, திரையில் 18 டாலர் மிச்சம். உங்கள் கையை விட்டுப் போனது 2 டாலர், காயின்-இன் 20 டாலர். அந்தப் 18-ஐயும் திரும்ப ஓட்டினால் காயின்-இன் 38. இப்படி ஒரே பணம் சுற்றிச் சுற்றி வந்து எண்ணப்படுகிறது. ‘நான் நூறு டாலர்தானே கொண்டுபோனேன், எப்படி ஐந்நூறு டாலருக்கு ஆடியதாகக் காட்டுகிறது’ என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

நிஜமான ஒரு திட்டத்தைப் பார்ப்போம். ஹாரா’ஸ் என்ற கேசினோ நிறுவனம் 1997-ல் ‘டோட்டல் கோல்டு’ என்று ஆரம்பித்தது பிறகு ‘டோட்டல் ரிவார்ட்ஸ்’ ஆனது; 2019 முதல் அதன் பெயர் ‘சீசர்ஸ் ரிவார்ட்ஸ்’. அதில் ஸ்லாட்டில் 5 டாலர் காயின்-இன் ஆனால் ஒரு ரிவார்டு கிரெடிட். வீடியோ போக்கரில் அதற்கே 10 டாலர் ஓட வேண்டும். சாப்பாட்டுக்கோ அறைக்கோ பயன்படுத்தும்போது 100 கிரெடிட் ஒரு டாலருக்குச் சமம். இந்த விகிதங்களை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அதனால் போகும் முன் உறுப்பினர் விதிகளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: எல்லாவற்றையும் சதவீதமாக்குங்கள்

100 கிரெடிட்டுக்கு 500 டாலர் ஓட வேண்டும், கிடைப்பது ஒரு டாலர். அதாவது 0.2 சதவீதம். இதே 500 டாலரில் மெஷின் எவ்வளவு எடுத்துக்கொள்ளும்? லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநில விதிப்படி ஸ்லாட் மெஷின் குறைந்தது 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும். நடைமுறையில் பெரிய கேசினோக்கள் வரிசையாக நிற்கும் லாஸ் வேகஸ் ஸ்ட்ரிப் பகுதி ஸ்லாட்டுகள் சராசரியாக 8 சதவீத அளவில் பிடித்துக்கொள்கின்றன. ஒரு சென்ட் கணக்கில் ஆடும் பென்னி மெஷின்களில் அதைவிட அதிகம். 500-ல் 8 சதவீதம் 40 டாலர். நாற்பது டாலர் கொடுத்து ஒரு டாலர் கூப்பன் வாங்குவதுதான் சாதாரண நாளின் கணக்கு. 10 மடங்கு நாளில் 0.2 என்பது 2 சதவீதமாகும். நல்ல சலுகைதான், மறுக்கவில்லை. ஆனால் மறுபக்கத்தில் இருக்கும் 8 அப்படியே இருக்கிறது.

இது சராசரி என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு நாளில் நீங்கள் ஜெயிக்கலாம், இதைவிட மோசமாகத் தோற்கவும் செய்யலாம். சலுகைக்கு என்ன மதிப்பு என்று பார்க்கச் சராசரியை விட்டால் வேறு அளவுகோல் இல்லை.

படி 4: கடிதத்துக்கு விலை போடுங்கள்

மேலே சொன்ன விகிதங்களையே நம் மாதிரிக் கடிதத்துக்கும் வைத்துக்கொள்வோம். 250 அடிப்படைப் புள்ளிக்கு 1,250 டாலர் ஓட வேண்டும். அதில் சராசரி இழப்பு 100 டாலர். சுற்றுக்கு 60 சென்ட் வீதம் மணிக்கு 600 சுற்று ஆடினால் கிட்டத்தட்ட மூன்றரை மணி நேரம் மெஷின் முன்னால் உட்கார வேண்டும்.

வரவு என்ன? 10 மடங்கில் 2,500 புள்ளி, அதாவது 25 டாலர். ஃப்ரீ ப்ளே 50 டாலரை ஒருமுறை ஓட்டினால் சராசரியாகக் கையில் வருவது 46. ஆக மொத்தம் 71 டாலர். நூறு போய் எழுபத்தொன்று வருகிறது, துண்டு விழுவது 29. எப்படியும் மூன்று மணி நேரம் ஆடத்தான் போகிறேன் என்பவருக்கு இது லாபம். 100 டாலராக இருந்திருக்க வேண்டிய இழப்பு 29 ஆகிறது. இந்தக் கடிதத்துக்காகவே கிளம்புகிறவருக்கு நஷ்டம், பெட்ரோல் செலவு தனி.

உச்சவரம்பையும் பாருங்கள். ஓர் அடிப்படைப் புள்ளிக்கு 9 கூடுதல் புள்ளி என்றால், 5,000 கூடுதல் புள்ளி சுமார் 2,780 டாலர் ஓடியதுமே தீர்ந்துவிடும். அதற்கு மேல் இரவெல்லாம் ஆடினாலும் பழைய 0.2 சதவீதம்தான்.

படி 5: இரண்டு வகைப் புள்ளிகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

செலவு செய்யும் புள்ளி வேறு, கோல்டு, பிளாட்டினம், டைமண்ட் என்று உங்களை மேலே ஏற்றும் படிநிலைப் புள்ளி வேறு. சீசர்ஸில் முதலாவது ரிவார்டு கிரெடிட், இரண்டாவது டியர் (tier, படிநிலை) கிரெடிட். பிளாட்டினத்துக்கு 5,000, டைமண்டுக்கு 15,000 டியர் கிரெடிட் வேண்டும். ‘10 மடங்கு’ பெரும்பாலும் முதல் வகைக்கே. டைமண்ட் ஆகிவிடலாம் என்ற நம்பிக்கையில் 10 மடங்கு நாளாகத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். ஆறு மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லை என்றால் அங்கே ரிவார்டு கிரெடிட் காலாவதியாகும். டியர் கிரெடிட் ஜனவரி முதல் தேதி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

படி 6: ‘இலவசம்’ எந்த வகை என்று பிரியுங்கள்

ஃப்ரீ ப்ளே என்பது மெஷினில் மட்டும் ஓடும் பணம். அதைச் சீட்டாக எடுத்துக் காசாளரிடம் நீட்ட முடியாது. ஒருமுறை ஓட்டி முடித்து, ஜெயித்ததைத்தான் எடுக்கலாம். மேட்ச் ப்ளே கூப்பன் மேசை ஆட்டத்துக்கு. 25 டாலர் கூப்பன் என்றால் கூடவே உங்கள் சொந்தப் பணம் 25 வைக்க வேண்டும், சமவிலைப் பந்தயத்தில் (ஜெயித்தால் வைத்த அளவே பரிசு தரும் பந்தயம்) மட்டுமே வைக்கலாம். ஜெயித்தாலும் தோற்றாலும் கூப்பன் பொதுவாகப் போய்விடும். அதனால் 25 டாலர் கூப்பனின் உண்மை மதிப்பு 12 டாலர் பக்கத்தில்தான் நிற்கும். இலவச அறை என்றால், அறை வாடகைக்கு மேல் தனியாக வசூலிக்கும் ‘ரிசார்ட் கட்டணம்’ அதில் அடங்குமா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 7: குலுக்கல் என்றால் கடிகாரத்தைப் பாருங்கள்

‘குலுக்கலின்போது நேரில் இருக்க வேண்டும்’ என்ற வரியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு விடுதியில் என் நண்பர் ஒரு மாதமாகக் குலுக்கல் சீட்டுச் சேர்த்திருந்தார். அவர் பெயரை ஒலிபெருக்கியில் வாசித்தபோது தோசைக்கு ஏங்கியவராய் பஃபே வரிசையில் பான்கேக்குக்காக நின்றுகொண்டிருந்தார். இரண்டு நிமிடத்துக்குள் மேடைக்கு வர வேண்டும் என்பது விதி. ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அடுத்த பெயரை வாசித்துவிட்டார்கள். நேரத்தையும், குலுக்கலுக்கு முன் கியாஸ்க்கில் சீட்டுகளை மறுபடி ‘ஆக்டிவேட்’ செய்ய வேண்டுமா என்பதையும் கைப்பேசியில் அலாரமாகவே வைத்துவிடுங்கள்.

படி 8: அடுத்த கடிதம் எதை வைத்து வருகிறது?

பொடி எழுத்தில்கூட வராத விஷயம் இது. நீங்கள் உண்மையில் எவ்வளவு தோற்றீர்கள் என்பதைவிட, சராசரியாக எவ்வளவு தோற்றிருக்க வேண்டும் என்ற கணக்கையே அவர்கள் முக்கியமாகப் பார்க்கிறார்கள். இரட்டைப் பூஜ்ய ரூலெட்டில் (0, 00 இரண்டும் உள்ள சுழல் சக்கர ஆட்டம்) 25 டாலர் பந்தயம், மணிக்கு 35 சுற்று, இரண்டு மணி நேரம் என்றால் 1,750 டாலர் ஓடுகிறது. அங்கே விடுதியின் பங்கு 5.26 சதவீதம், அதாவது சுமார் 92 டாலர். அதில் ஒரு பகுதி உங்களுக்குச் சாப்பாடாகவும் அறையாகவும் திரும்பும்.

இந்தக் கணக்கைப் பெரும்பாலும் நாள் சராசரியாகப் போடுகிறார்கள். ஊருக்குக் கிளம்பும் காலையில் ஐந்து நிமிடம் அட்டையைச் செருகி விளையாடினால் அதுவும் ஒரு நாளாக எண்ணப்பட்டு, சராசரி இறங்கிவிடும்.

ஒரு கடைசி வரி பாக்கி. இருப்பதிலேயே சிறிய எழுத்தில், சூதாட்டப் பிரச்சினை உள்ளவர்களுக்கான உதவி எண் இருக்கும், அமெரிக்காவில் 1-800-426-2537. கடிதம் வந்தாலே கை பரபரக்கிறது என்று உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ தோன்றினால் அதற்கு அழைக்கலாம். கடிதமே வேண்டாம் என்றும் சொல்லலாம். அஞ்சலில் விளம்பரம் அனுப்பாதீர்கள் என்று எழுதிக் கேட்டு நிறுத்தும் வசதியை நெவாடாவின் சூதாட்ட விதிமுறைகள் வாடிக்கையாளருக்குத் தந்திருக்கின்றன. உறுப்பினர் அட்டை தரும் அதே கவுன்டரில் கேட்டால் படிவம் எங்கே என்று சொல்வார்கள்.