வெள்ளம் வடிந்த மறுநாள், ஸ்டாஃப் ரூமில்

மும்பையில் பெருமழை வந்தால் மாநகராட்சிப் பள்ளிக்கூடமே தங்குமிடமாகிவிடும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. கொட்டியது. 2020-இல் கொரோனா வந்தபோது டீச்சர்கள் ரேஷன் விநியோகத்துக்கும் கணக்கெடுப்புக்கும் போனார்கள். தாராவி, சயான் பக்கத்துத் தமிழ் டீச்சருக்கு இன்னொரு சுமையும் உண்டு: மராத்திப் படிவம், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அவர் கைக்கே வரும். இவரிடம் போய் "மனசைத் திடமா வெச்சுக்கோங்க" என்றால் எரிச்சல்தான் வரும். பேரிடருக்குப் பிறகு டீச்சர்களைத் தாங்கிப்பிடிக்க நினைத்தால், வேலையைப் பங்கிடுவதில் தொடங்குங்கள்.

பள்ளி மறுபடி திறக்கும் முதல் நாள் மணி அடிப்பதற்கு 20 நிமிடம் முன்பே எல்லோரும் கூடுங்கள். எச்.எம். மூன்றே கேள்வி கேட்டால் போதும்: வீட்டில் எல்லோரும் பத்திரமா? ராத்திரி தூங்கினீர்களா? இன்று யார் வகுப்பை யார் பார்ப்பது? நடந்ததையெல்லாம் வட்டமாக உட்கார்ந்து கொட்டச் சொல்லாதீர்கள். அப்படி ஒரே அமர்வில் பேசவைப்பதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. பேச விரும்புகிறவர் பேசட்டும், மற்றவர்களை விட்டுவிடுங்கள்.

பிறகு இருவர் இருவராக ஜோடி சேருங்கள். ஒரே ரயில் பாதையில் வருகிறவர்களைச் சேர்ப்பது நல்லது. ஹார்பர் லைன்காரருக்கு ஹார்பர் லைன்காரர். வண்டி நின்றுபோனாலும் துணை இருக்கும். வகுப்பில் தொண்டை அடைத்தால் "சாக்பீஸ் தீர்ந்துபோச்சு" என்று ஒரு பையனிடம் சொல்லி அனுப்பினால், ஜோடி டீச்சர் வந்து 10 நிமிடம் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை எச்.எம். பதிவேட்டில் எழுத ஆரம்பித்தால் மறுநாளிலிருந்து ஒருவரும் சாக்பீஸ் கேட்கமாட்டார்கள்.

மாணவர் ஒருவர் இறந்திருந்தால், எல்லாவற்றையும்விடக் கடினமான நேரம் அட்டெண்டன்ஸ் எடுப்பது. பழக்கதோஷத்தில் அந்தப் பெயரை வாய் உச்சரித்துவிடும், வகுப்பே உறைந்துபோகும். ஆகவே பெயர்களை வாசிக்காமல் தலைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் பெயரை அடிக்கும் வேலையை அலுவலகத்திடம் விடுங்கள், அதுவும் சில நாள் கழித்து. அவன் உட்கார்ந்த இடத்தை அன்றே நிரப்ப வேண்டாம். சொல்ல வேண்டிய மூன்று வாக்கியங்களைத் தாளில் எழுதி வாசியுங்கள்: யார் இறந்தான், எப்படி என்று உறுதியாகத் தெரிந்தது மட்டும், இன்று வகுப்பில் என்ன செய்யப்போகிறோம். "தூங்கிட்டான்", "சாமிகிட்ட போயிட்டான்" என்றெல்லாம் சொன்னால் சின்னப் பிள்ளைகள் ராத்திரி தூங்கவே பயப்படும்; "இறந்துட்டான்" என்றே சொல்லுங்கள். வகுப்பு டீச்சரால் முடியவில்லையா? இன்னொருவர் வாசிக்கட்டும், வகுப்பு டீச்சர் பக்கத்தில் நிற்கட்டும். கண்ணீர் வந்தால் வரட்டும். பிள்ளைகளைப் பயமுறுத்துவது டீச்சரின் அழுகையல்ல, அதை மறைக்க அவர் போடும் அதட்டல்.

பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்தான் மாலை நேரத்தைத் தின்கிறது. தினமும் ஒருவர் என்று முறை வைத்து, 7 முதல் 8 மணி வரை அவர் மட்டும் பதில் சொல்லட்டும். மற்றவர்கள் மியூட். இந்த ஏற்பாட்டை எச்.எம். பெயரில் அறிவித்தால்தான் நிலைக்கும். டீச்சர் தானாகச் சொன்னால் திமிர் என்பார்கள்.

படபடப்புக்கு மூச்சுப் பயிற்சி உதவும்: நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே, ஐந்து நிமிடம். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு குறையும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே செய்யலாம். காபியிலும் டீயிலும் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். நாலு மணிக்கு மேல் கட்டிங் சாயைத் தள்ளிவையுங்கள்.

இரண்டு வாரம் கழிந்தும் தூக்கம் வரவில்லை, மழைச் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குகிறது, பிள்ளைகள்மேல் கை நீள்கிறது என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416-ஐ அழையுங்கள். கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றே அழையுங்கள், அந்த எண்ணம் வந்தவரை ஜோடி டீச்சர் தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

ஜோடிப் பட்டியலையும் இந்த எண்ணையும் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். அடுத்த ஆரஞ்சு அலர்ட் நாளில் பழைய நடுக்கம் திரும்பும். அன்று தேர்வோ இன்ஸ்பெக்‌ஷனோ வைக்காமல் இருக்கப் பாருங்கள்.