பாண்டிச்சேரியில் மூன்று நாள்: எதை எந்த நேரத்தில் பார்ப்பது

முதல் தடவை பாண்டிச்சேரி போனபோது என்னிடம் இடங்களின் பட்டியல் மட்டும்தான் இருந்தது. போய்ச் சேர்ந்த நேரத்தில் பாதி இடங்கள் மூடிக் கிடந்தன. இப்போது ஒவ்வொரு இடத்துக்குப் பக்கத்திலும் அது மூடும் நேரத்தை எழுதிக்கொண்டு, அதை வைத்துத்தான் நாளைப் பிரிக்கிறேன். பஸ், அறை எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

படி 1: மாத்ரிமந்திர். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. ஆரோவில்லில் தங்கக் கோளமாக நிற்கும் அந்தத் தியான மண்டபத்துக்குள் போக முன்பதிவு வேண்டும், நேரில் போய்க் கேட்டால் தூரத்திலிருந்து பார்க்கும் இடத்துக்கான சீட்டுதான் கிடைக்கும். செவ்வாய்க்கிழமை உள்ளே விடுவதில்லை. எந்த நாள் கிடைக்கிறதோ அதை முதலில் பிடித்துவிட்டு மற்றதை அதைச் சுற்றிப் போடுங்கள். வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு ஏறிப் போனால், நடுவில் 70 செ.மீ. படிகக் கோளம், மேலேயிருந்து அதன் மேல் விழும் ஒற்றைச் சூரியக் கதிர். அவ்வளவுதான் இருக்கிறது, ஆனால் எழுந்து வர மனசே வராது.

படி 2: கடற்கரைச் சாலை. மாலை 6 முதல் காலை 7.30 வரை அங்கே வண்டி விடமாட்டார்கள், அதனால் விடியலுக்கு முன் காந்தி சிலைக்குப் போய்விடுங்கள், சூரியன் கடலிலிருந்தே எழும். அப்புறம் ஒரு சைக்கிள் எடுங்கள், ஊருக்குள் அதுதான் சரியான வண்டி. பலரும் பிரெஞ்சுத் தெருக்களைச் சுற்றிவிட்டுப் பெரிய வாய்க்காலோடு திரும்பிவிடுகிறார்கள். வாய்க்காலைத் தாண்டி வைசியாள் வீதி வரை போங்கள், திண்ணையும் மரத்தூணும் வைத்த தமிழ் வீடுகளைப் பார்க்காமல் பாண்டிச்சேரி பார்த்ததாகச் சொல்ல முடியாது. அருங்காட்சியகம் திங்கள் விடுமுறை.

படி 3: சிதம்பரம், பிச்சாவரம். இங்கேதான் நான் ஒரு நாளையே இழந்தேன். வெயிலுக்கு முன் படகு ஏறிவிடலாம் என்று பிச்சாவரத்தை முதலில் வைத்தேன், முடித்துவிட்டுச் சிதம்பரம் வந்தபோது மணி பன்னிரண்டே கால், நடை சாத்தியாகிவிட்டது. மாலை 5 மணி வாக்கில்தான் திறப்பார்கள் என்றார்கள், அவ்வளவு நேரம் கீழ வீதியில் உட்கார்ந்திருந்தேன். வரிசையை மாற்றுங்கள். விடியற்காலை கடலூர் வழி பஸ் பிடித்தால் எட்டு மணிக்குள் கோவில், பத்து மணிக்கு மேல் பிச்சாவரம். வெயிலைப் பற்றிக் கவலை வேண்டாம், குறுகிய வாய்க்கால்களுக்குள் இரண்டு பக்கமும் சுரபுன்னை வளைந்து கூரை போட்டிருக்கும், வேர்கள் படகை உரசும். ஆனால் துடுப்புப் படகு மட்டுமே அதற்குள் நுழையும், மோட்டார் படகு அகலமான நீரோடு நின்றுவிடும், தயவுசெய்து துடுப்புப் படகே எடுங்கள். கிளைகளை ஒடிக்காதீர்கள்: தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்ததே இந்த மரத்தால்தான்.

படி 4: செஞ்சி. திண்டிவனம் வழியாக எழுபது கிலோமீட்டர் சொச்சம். கோட்டையின் ராஜகிரி மலை கிட்டத்தட்ட 800 அடி, பிற்பகலுக்கு மேல் ஏற விடமாட்டார்கள், காலையிலேயே அடிவாரத்தில் இருங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். தின்பண்டம் கையில் தெரிந்தால் குரங்கு பிடுங்கிவிடும். 1677-இல் சிவாஜி பிடித்த கோட்டை இது, 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபின் கூட்டம் கூடியிருக்கிறது.

பிற்சேர்க்கை: செஞ்சியையும் சிதம்பரத்தையும் ஒரே நாளில் முடிக்கலாமா என்று இதைப் படித்த சிலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், ஒன்று வடமேற்கே, மற்றது தெற்கே. இன்னொருவர் வாடகை ஸ்கூட்டரில் போய்ப் போலீஸிடம் மாட்டியிருக்கிறார். எடுக்கும்போதே கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், வாடகைக்கு விட அனுமதி உள்ள வண்டிக்கு அதுதான் அடையாளம். ஆர்.சி., காப்பீட்டு நகலைக் கேட்டு வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.